கிரவுடு என்று நீ சொன்னபோது வீட்டில் இருந்தவர்கள்

செந்தூர் முருகன் துணை.

எய்யா,

நீ போனில் அந்த வார்த்தையைச் சொன்னபோது நம் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். உன் அப்பா ஸ்டூல் மேல் ஏறி மின்விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தார். சாத்தான்குளத்திலிருந்து வந்திருந்த உன் மாமா, என் கூடப் பிறந்த பெரியண்ணன், கருப்பட்டிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் இருந்தார். உன் அத்தை தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, உன் கல்யாண முறுக்குக்கு எத்தனை படி அரிசி ஊறப்போட வேண்டும் என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் தோசைக் கரண்டியோடு அடுக்களை நிலையில் நின்றேன். கையெல்லாம் மாவு, அதனால்தான் போனை ஸ்பீக்கரில் போட்டு டி.வி. மேசையில் வைத்தேன். என்னையும் சேர்த்து நாலு பேர். நான் தனியாக இருக்கிறேன் என்று நினைத்து நீ பேசிவிட்டாய். பக்கத்தில் யார் என்று நீ கேட்கவில்லை. நான் சொல்ல வாயெடுப்பதற்குள் நீ ஆரம்பித்துவிட்டாய்.

"அம்மா, மண்டபம் சின்னது. நம்ம பக்கம் நாப்பது பேருக்கு மேல வேண்டாம். முக்கியமா அந்தச் சாத்தான்குளம் கிரவுடு வேண்டவே வேண்டாம்மா. ஒருத்தரக் கூப்பிட்டா ஒரு வேன் வந்து எறங்கும்" என்றாய். அப்பா கையிலிருந்த திருகாணி தரையில் விழுந்து உருண்டு போய் அத்தையின் காலடியில் நின்றது. அவள் அதை எடுத்துத் துடைத்து அப்பாவிடம் நீட்டினாள். நீ "ஹலோ, ஹலோ, கேக்குதாம்மா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய்.

"மச்சான், பய ஏதோ வாய் தவறி..." என்று அப்பா ஸ்டூலில் இருந்தபடியே இழுத்தார்.

"வாய் தவறல மாப்ள. தெளிவாத்தான் சொல்லுதான். சிக்னல் நல்லாத்தான இருக்கு" என்றார் மாமா. சிரிக்கவும் செய்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஏளா, நீதான் தெனமும் டிக்சனரி படிக்கியே. கிரவுடுன்னா என்னன்னு அதுல பாத்து வையி. அர்த்தத்தத் தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லுதேன், வாரதா வேண்டாமான்னு" என்று எழுந்துவிட்டார். என் வீட்டில் கை நனைக்காமல் உன் அத்தை படி இறங்கியது அன்றைக்குத்தான் முதல் தடவை. கல்லில் கிடந்த தோசை கருகிப்போயிற்று. கருப்பட்டிப் பொட்டலம் நாற்காலியில் அப்படியே இருந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் உட்காரத் தரிக்கவில்லை. பால் பொங்கி வழிகிறது, பார்த்துக்கொண்டே நிற்கிறேன். மாடியில் காயப்போட்ட துணியைத் துறைமுகத்து நிலக்கரித் தூசி படிவதற்குள் எடுக்கவேண்டும் என்று ஏறுகிறேன். ஏறியபின் எதற்கு வந்தோம் என்று மறந்து, துறைமுகத்துக்குள் இடம் கிடைக்காமல் வெளியே கடலில் நிற்கும் கப்பல்களைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு இறங்குகிறேன். இந்தக் கடிதத்தையே எத்தனை முறை எழுந்து எழுந்து எழுதுகிறேன் என்று கேட்காதே. போனில் பேசினால் நீ நடுவில் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி முடித்துவிடுவாய். எழுத்தில் அப்படி முடிக்க முடியாது.

மாமா எகத்தாளமாகத்தான் சொன்னார். ஆனாலும் நான் பார்த்தேன். எட்டாவதோடு நின்ற எனக்கு இங்கிலீஷ் என்று கொஞ்சம் வந்தது, அப்பா வேலை பார்த்த கப்பல் சரக்குக் கிளியரிங் ஆபீஸில் பழையது என்று ஒதுக்கிப்போட்ட அந்தத் தடிப் புத்தகத்தால்தான். விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு ஒரு நாளைக்கு ஒரு வார்த்தை. நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் "இன்னைக்கு என்ன வார்த்தைம்மா?" என்று கேட்பாய், ஞாபகம் இருக்கும். கிரவுடு என்றால் கூட்டம். இது பஸ் கண்டக்டருக்கும் தெரியும், அகராதி வேண்டியதில்லை. ஆனால் பொருளுக்குக் கீழே பொடி எழுத்தில் அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று போட்டிருக்கும். சம்பந்தம் பேசப் போகிற இடத்தில் பூர்வீகம் விசாரிப்பதைப் போல நான் அதையும் விடாமல் படிப்பேன்.

பூர்வீகத்தில் அது ஆட்களைச் சொல்லும் வார்த்தையே இல்லையாம் எய்யா. ஆதிகால இங்கிலீஷில் அதற்குத் தள்ளுவது, நெருக்குவது, முன்னே உந்துவது என்றுதான் பொருள். கூட்டமே வேண்டாம், ஒரே ஓர் ஆள் போதும். அவன் எதையாவது தள்ளினால் அதற்கு அந்த வார்த்தை. கைவண்டியைத் தள்ளிக்கொண்டு போவதற்கும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். பாய்மரக் கப்பலில் உள்ள பாயையெல்லாம் விரித்து, காற்று தள்ளத் தள்ள விரைவாக ஓட்டுவதற்கும் அதே வார்த்தை. தள்ளுகிறவர்கள் பலர் சேர்ந்தால் அந்த இடம் நெரியும் அல்லவா? அப்படித்தான் வெகுகாலம் கழித்து, செய்கிற காரியத்தின் பெயர் நிற்கிற ஆட்களின் மேல் விழுந்திருக்கிறது. இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். வழக்கமாக "ஒனக்கு வேற வேலை இல்லையா" என்பவர், கைவண்டி என்ற இடம் வந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார். அது ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

எனக்குக் கணக்கு என்றால் வரவும் எழுத வேண்டும், செலவும் எழுத வேண்டும். மாமா வீட்டார் பக்கத்தை மட்டும் எழுதினால் அது கணக்காகாது. அவர்கள் உன்னை நெருக்கியது உண்மைதான். ஒவ்வொரு வருஷமும் திருச்செந்தூர்த் திருவிழாவுக்குப் போகும்போதும் வரும்போதும் அவர்களுக்கு நம் வீடுதான் சத்திரம். நீ பன்னிரண்டாவது படித்த வருஷம் அவர்கள் உன் அறையில் பாய் விரித்துப் படுத்திருக்க, நீ தண்ணீர்த் தொட்டி நிழலில் காதில் துண்டைச் சுற்றிக்கொண்டு படித்தாய். உனக்கு வேலை கிடைத்ததும் சம்பளம் என்ன என்று பந்தியில் வைத்துக் கேட்டார் மாமா. நீ சொல்லாமல் எழுந்ததும் "பய சொல்ல மாட்டேங்கான், அப்பம் பெருசாத்தான் இருக்கும்" என்று அவரே ஒரு தொகையை ஊருக்குச் சொல்லிவிட்டார்.

போன மாசம் நடந்ததையும் நான் மறக்கவில்லை. கீர்த்தனாவை நிச்சயம் பண்ணின புதிதில் மாமா வீட்டிலிருந்து வீடியோ காலில் அவளைப் பிடித்தார்கள். ஒரு போனுக்குள் ஒன்பது தலை. முறைக்கு ஒருவர் கேட்டாலாவது அந்தப் பிள்ளை பதில் சொல்லியிருக்கும். "ஏம்மா, இவ்வளவு ஒல்லியா இருக்கியே, மெட்ராசுல சோறு போட மாட்டாவளா?" என்று உன் அத்தை பாசமாகத்தான் கேட்டாள். அந்தப் பாசம் சென்னை போய்ச் சேர்வதற்குள் வேறு என்னவோ ஆகிவிட்டது. பின்னாலிருந்து ஒருவர் "நீங்க என்ன ஆளுக?" என்று கேட்டது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அவள் போனை வைத்துவிட்டு அழுதாள் என்று நீ சொன்னாய். நெருக்குவது என்றால் அதுதான். அகராதி அங்கே உன் பக்கம்.

இனி மறுபக்கம். வெள்ளம் வந்த அந்த மார்கழியில் நீ சென்னையில் இருந்தாய். ஒரு பேரப்பிள்ளைக்குக் காது குத்தத் திருச்செந்தூர் போய்விட்டு மாமா வீட்டார் எல்லோரும் நம் வீட்டில் இறங்கினார்கள். இறங்கினவர்கள் மழையில் மாட்டிக்கொண்டார்கள். கரண்ட் இல்லை, குடிக்கிற தண்ணீரை அளந்து அளந்து ஊற்றினேன், கால் வைக்கிற இடமெல்லாம் ஆள். எனக்கே எரிச்சல்தான். போன் போகுமுன் கடைசியாக உன்னிடம் பேசியபோது "வீடு முழுக்க ஆளு எய்யா, மூச்சு முட்டுது" என்று நான்தான் சொன்னேன். மறுநாள் விடியும்போது அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சாய்ந்துவிட்டார். தெருவில் இடுப்பளவுத் தண்ணீர். ஆட்டோவும் வராது, ஆம்புலன்ஸும் வராது. "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம், இப்போ நல்லாருக்காவ" என்று உன்னிடம் சொன்னோமே, எப்படிக் கூட்டிக்கொண்டு போனோம் என்று சொல்லவில்லை.

முக்குக் கடை காய்கறி வண்டியை மாமாதான் கயிறறுத்துக் கொண்டுவந்தார். அதன் மேல் நம் வீட்டுக் கதவுப் பலகையைப் போட்டு அப்பாவைப் படுக்க வைத்து, மழைக்குத் தார்ப்பாய் பிடித்து, முன்னால் மூன்று பேர் தண்ணீருக்குள் பள்ளம் பார்த்து நடக்க, மற்ற அத்தனை பேரும் பின்னாலும் பக்கத்திலும் நின்று தள்ளினார்கள். அத்தை சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தள்ளினாள். பாலத்துக்கிட்டே தண்ணீரின் இழுப்பு கூடி வண்டி சாயப் பார்த்தது. அந்த இடத்தில் நாலே பேர் இருந்திருந்தால் வண்டியும் போயிருக்கும், அப்பாவும் போயிருப்பார். அத்தனை பேர் இருந்ததால் நின்றது. மாமா வழி நெடுக அப்பாவைச் சீண்டிக்கொண்டே வந்தார்: "மாப்ள, பல்லக்குல போறீரு. சும்மா படுத்துக்கிட்டுத் தக்காளி என்ன வெலன்னு கூவும்." அப்பா அந்த மூச்சிலும் சிரித்தார். காய்கறி வண்டியில் போனதை மகனிடம் சொல்லக்கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கினார். வருஷக்கணக்கில் கோட்டும் ஃபைலுமாகக் கப்பல்காரர்களோடு பேசினவர், அவருக்கு அது கௌரவக் குறைச்சல். கைவண்டி என்று வாசித்ததும் அவர் எழுந்து போனது அதனால்தான். இப்போது அந்தச் சத்தியத்தை உடைத்துவிட்டேன். முருகனிடம் சொல்லிவிட்டுத்தான் உடைத்தேன்.

இதை எழுதி உன்னைத் தலைகுனிய வைப்பது என் எண்ணமில்லை. ஏனென்றால் உன் பக்கத்தில் நீ சொல்லாமல் விட்ட காரணம் ஒன்று உண்டு, அதுவும் எனக்குத் தெரிந்துவிட்டது. கீர்த்தனாவைத் திட்டாதே. ரவிக்கை அளவு கேட்க நான்தான் கூப்பிட்டேன். பேச்சுவாக்கில் "ஒங்க பக்கம் எத்தனை பேருக்கு இலை போடணும்மா?" என்றேன். "எல்லாரையும் எண்ணிட்டேன் ஆன்ட்டி. பதினோரு பேர்தான். அப்பா போனதுக்கப்புறம் யாரும் அவ்வளவா வர்றதில்ல. மண்டபத்துல எங்க பக்கம் நாற்காலியெல்லாம் காலியா இருக்கும், அம்மா அதைப் பார்த்துட்டே நிப்பாங்கன்னு எனக்கு ஒரு பயம். அவர்தான், நான் பாத்துக்கறேன், எங்க பக்கத்தைக் குறைச்சுடறேன்னு சொன்னார்" என்றாள்.

அந்தப் பிள்ளையின் தாய் வெறும் நாற்காலிகளைப் பார்க்கக் கூடாது என்பதற்காக நீ உன் ஆட்களைத் தள்ளினாய். இதை நீ அன்றைக்கே சொல்லியிருந்தால் திருகாணி விழுந்திருக்காது. எய்யா, கல்யாணம் பண்ணப் போகிறவனுக்கு எனக்குத் தெரிந்து சொல்லக்கூடியது இது ஒன்றுதான்: ஒருவரைக் காப்பாற்றுவதற்காக இன்னொருவரைத் தள்ளும்போது, காரணத்தையாவது அவர் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளு. காரணம் தெரிந்தவர் தானாகவே நகர்ந்து கொடுப்பார். தெரியாதவர் அடிபட்டு விழுவார். உன் அப்பாவும் நானும் இத்தனை வருஷத்தில் போட்ட சண்டையில் பெரும்பாதி, காரணத்தை மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டு காரியத்தை மட்டும் வெளியே காட்டியதால் வந்தது.

வியாழக்கிழமை காலையில் நான் பஸ் ஏறினேன். வழியில் திருச்செந்தூரில் இறங்கி முருகனைப் பார்த்தேன். அங்கேயும் நெரிசல்தான், பின்னால் நின்ற ஒரு அம்மாள் என்னைத் தள்ளிய தள்ளில் உண்டியல் வரைக்கும் போய்விட்டேன், ஆனால் அந்தத் தள்ளில்தான் முருகன் முகத்தையும் நன்றாகப் பார்த்தேன். அங்கிருந்து சாத்தான்குளம். மாமா கடையில் கருப்பட்டி நிறுத்துக்கொண்டிருந்தார். "வா" என்றார், தராசிலிருந்து கண்ணை எடுக்காமல். "அர்த்தம் பாத்தாச்சா?"

"பாத்துட்டேண்ணே. தள்ளுறதுன்னு போட்டிருக்கு. மொதல்ல கூட்டம்னு அர்த்தமே இல்லையாம். ஒத்த ஆள் தள்ளினாலும் அதுதானாம்."

"அப்படியா? யாரு யாரத் தள்ளுதா இப்பம்? அவன்லா எங்களத் தள்ளுதான். ஒத்த ஆளே போதும்னா அவன்தாம்ளா கிரவுடு!" என்று பெரிதாகச் சிரித்தார். சரக்கு வாங்க வந்தவருக்கு ஒன்றும் புரியாமல் அவரும் சிரித்தார். சிரித்து முடியட்டும் என்று இருந்துவிட்டு, கீர்த்தனா சொன்ன பதினோரு பேரைச் சொன்னேன். மாமா தராசைக் கீழே வைத்தார்.

உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. "பதினோரு பேரா? நம்ம வீட்டுல காலக் காப்பிக்கே அதுக்கு மேல இருப்பாவளே." பிறகு ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு கடைக்குள் வந்தாள். "அப்பம் மாப்பிள்ள அழைப்புக்கு எதுத்தாப்ல யாரு வருவா? சீர்த் தட்டு யாரு தூக்குவா? ஆரத்தி ரெண்டு பேருல்லா எடுக்கணும்?" அவளுக்குக் கோபம் போய்க் கவலை வந்துவிட்டது. வீடியோ காலில் ஒல்லி என்று கேட்டவள்தான், அதே வாயால் "அந்தப் புள்ள தனியாவா நிக்கும்?" என்றாள்.

மாமா நிறுத்த கருப்பட்டியைச் சரக்கு வாங்க வந்தவரிடம் கொடுத்தனுப்பினார். "நாம அந்தப் பக்கம் நிப்போம்" என்றார். "பொண்ணு வீட்டுக்கு ஆளு கொறஞ்சா மாப்பிள்ள வீட்டு ஆளுக கொஞ்சப் பேரு எலை மாறி உக்காருறது நம்ம ஊருல உள்ளதுதான. ஒரு வேன், அதுக்கு மேல ஒரு ஆளு வர மாட்டான். நாங்க பொண்ணு வீட்டுக்காரவ. ஒம் மகன வாசல்ல நிறுத்தி, என்னடே சம்பளம்னு பொண்ணு வீட்டுக்காரனாக் கேப்பேன். அப்பம் சொல்லித்தான ஆவணும்?"

"தாய்மாமன் மாலை?" என்றேன். உன் கழுத்தில் முதல் மாலை போடுவது அவர் உரிமை. நீ பிறந்த அன்றிலிருந்து அவர் காத்திருப்பது அதற்குத்தான்.

"சின்னவன் இருக்காம்லா, அவன் போடட்டும்." உன் சின்ன மாமாவைச் சொன்னார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் சொன்னார். "எனக்கு மூணும் ஆம்பளப் புள்ளைய. ஒரு பொண்ணத் தார வாக்க எனக்குக் குடுத்து வைக்கல. தகப்பன் இல்லாத புள்ளைக்கு நான் வாத்துட்டுப் போறேன்."

"பெத்து வளத்து ஒத்தையா நின்னு படிக்க வச்ச ஆத்தா இருக்கா" என்று அத்தை வெடுக்கென்று சொன்னாள். "அவள ஓரமா நிறுத்திட்டு நீரு போயிக் கைய நீட்டுவீரோ? அதுக்குப் பேரு என்னன்னு ஒம்ம தங்கச்சி இப்பத்தான சொன்னா?"

மாமா தலையாட்டி, "சரி, அவுகளே வாக்கட்டும். நான் செம்பத் தூக்கிக் குடுக்கேன்" என்றார். புருஷன் இல்லாதவள் மணமேடை ஏறலாமா என்று கேட்பதற்கு நம் பக்கத்தில் ஆள் உண்டு. மாமா அவர்கள் அருகில் செம்போடு நின்றால் அந்தக் கேள்வி வாயைவிட்டு வராது. அதை அவர் யோசித்துச் சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கும் சோறு இறங்கியது.

ஆனால் பஸ் ஏற்றிவிட வந்தபோது ஒன்று சொல்லியனுப்பினார். "ஏளா, நீயா ஒண்ணும் ஏற்பாடு பண்ணாத. அவன் எங்கிட்டக் கேக்கணும். பொண்ணோட அம்மா மனசாரச் சரிங்கணும். கேக்காம வேன் ஏறினா அவன் சொன்னது உண்மையாப் போயிரும்."

அதனால் எய்யா, நான் யாரையும் தள்ளப் போவதில்லை. உன்னையும்தான். நானும் சாத்தான்குளத்துக்காரிதான் என்பதை அன்றைக்கு நீ மறந்துவிட்டாய், அதற்காகவும் இதை எழுதவில்லை. நீ முதலில் கீர்த்தனாவிடம் பேசு. பிறகு அவள் அம்மாவிடம், தனியாக, நேரில் போய்க் கேள். அவர்களுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தாலும் விட்டுவிடு. பதினோரு பேரோடு அழகாக நடத்துவோம், மாமாவுக்கு நான் காரணத்தைச் சொல்லிக்கொள்கிறேன், காரணம் தெரிந்தால் அவர் தாங்குவார். அவர்கள் சரி என்றால் மாமாவை நீயே கூப்பிடு. என்னை நடுவில் வைக்காதே. மன்னிப்பு என்றெல்லாம் பெரிய வார்த்தை வேண்டாம், அவருக்கு அது பிடிக்காது. "மாமா, கீர்த்தனா பக்கம் வந்து நில்லுங்க" என்று சொன்னால் போதும்.

கருப்பட்டிப் பொட்டலத்தை இன்னும் பிரிக்கவில்லை. அத்தை அரிசி ஊறப்போடாமல் இருக்கிறாள். அப்பா மின்விசிறியை மாட்டிவிட்டார், அது சத்தம் போடுகிறது. வைகாசி முகூர்த்தத்துக்கு வேன் கிடைப்பது கஷ்டம், இப்போதே சொல்லிவைக்க வேண்டும். இரண்டில் எது என்றாலும் எனக்குச் சீக்கிரம் பதில் எழுது.

அம்மா